இரண்டு வாரகால அவகாசம்

"இவ்வினாவுக்கு விடையளிக்க இரண்டு வாரகால அவகாசம் கோருகிறேன்" என்று அமைச்சர் சொல்லி வாயை மூடவில்லை, இராமலெட்சுமி பருப்புச் சட்டியின் மூடியில் அகப்பையால் ஓங்கி ஒரு போடு போட்டார். சத்தம் கிணற்றடி லேனின் கோடி வரைக்கும் கேட்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து, சோம்பல் முறித்து, வேறு பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கும் இது பழகிப்போன சத்தம்.

"இந்தா, இன்னொருத்தருக்கும் ரெண்டு வாரம்! ஆஸ்பத்திரில மருந்து இருக்கா இல்லையான்னு கேட்டா, இருக்கு, இல்ல, ரெண்டுல ஒண்ண சொல்றதுக்கு என்னாத்துக்குங்க அவகாசம்? மருந்து காய்ச்சியா எடுக்கப் போறாரு?"

இப்படி அவர் கேட்டது சமையலறையில் இருந்த யாரையும் பார்த்து அல்ல. மல்லித்தூள் டின்னில் சாய்த்து நிறுத்தியிருந்த கைப்பேசியைப் பார்த்து. அதற்குள்ளே பாராளுமன்றம் நேரலையில் நடந்துகொண்டிருந்தது.

கொட்டாஞ்சேனையில் 'லெச்சுமியக்கா பார்சல்' என்றால் தெரியாதவர்கள் குறைவு. மத்தியானச் சோறு. சம்பா அரிசி, பருப்பு, ஒரு மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல், மீன் பொரியல், ஓரத்தில் அப்பளம். பெரும்பாலான பார்சல்கள் புறக்கோட்டைக் கடைகளுக்கும் அங்கே சாமான் இறக்கி ஏற்றும் நாட்டாமைகளுக்கும் போகும். பத்து மணிக்கு மேல் அந்தச் சிறிய சமையலறையில் நிற்க இடம் இருக்காது. அதே பத்து மணிக்குத்தான் பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் அமைச்சர்களைக் கேள்வி கேட்கும் நேரமும் சூடு பிடிக்கும். இரண்டு அடுப்புகளையும் ஒரு பாராளுமன்றத்தையும் ஒரே ஆள் கவனிப்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும்.

லேனில் மற்ற வீடுகளில் நாடகத் தொடர் ஓடும். இவருக்கு அது பிடிபடாது. "அங்க அழுவுறவ நாளைக்கும் அதே விஷயத்துக்குத்தான் அழுவுறா. இங்க பாருங்க, இன்னைக்கி பஸ்ஸு, நாளைக்கி குப்பை, மறுநாளு ஆஸ்பத்திரி. எல்லாம் நம்ம வீட்டு விஷயம்" என்பார். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கத்தி இரைந்து சண்டை பிடிக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஊரெல்லாம் அந்தப் பகுதியைத்தான் வெட்டி எடுத்துப் பகிர்ந்து சிரிக்கும். அவருக்கு அதில் சுவாரசியமே இல்லை. ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில். அதுதான் வேண்டும்.

அவர் பார்ப்பது தமிழ் மொழிபெயர்ப்பு ஓடும் நேரலை. அதனால் ஒரு விசித்திரம் உண்டு. மீசை முறுக்கிய அமைச்சர் வாயைத் திறந்தாலும், தொண்டை கட்டிய எதிர்க்கட்சிக்காரர் வாயைத் திறந்தாலும், கேட்பது ஒரே பெண்ணின் இனிமையான குரல். எந்தக் கட்சி வென்றாலும் தோற்றாலும் அந்தக் குரலுக்குத் தோல்வி இல்லை. இராமலெட்சுமி அவரை 'நம்ம தங்கச்சி' என்பார். தங்கச்சி இருமினால் இவருக்குக் கவலை வந்துவிடும். "கொத்தமல்லி அவிச்சுக் குடிம்மா" என்று திரையைப் பார்த்து ஒரு நாள் சொன்னதை, பார்சல் சுற்ற வரும் அயல்வீட்டு பேர்ணடெற் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

பாராளுமன்றத்தின் பாஷையும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் வால் ஒன்று இருக்கும். 'அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா? இன்றேல், ஏன்?' இந்த 'இன்றேல், ஏன்?' மீது இராமலெட்சுமிக்கு ஏற்பட்ட காதலை என்னவென்று சொல்வது! மீன்காரரிடம், "இது இன்னைக்கி வந்த மீனா? இன்றேல், ஏன்?" பஸ் நிற்காமல் போனால் நடத்துனரிடம், "கைய காட்டுனது தெரிஞ்சதா? இன்றேல், ஏன்?" கோபம் தலைக்கேறினால் கட்டிய கணவருக்கும் பட்டம் கிடைக்கும். "கௌரவ சங்கிலி அவர்களே, வெங்காயம் உரிச்சு முடிஞ்சதா?" என்பார். அப்படிக் கேட்டால் சங்கிலி உடனே கத்தியைக் கையில் எடுத்துக்கொள்வார்.

சங்கிலி வெங்காயம் உரிக்க வந்த கதை இனிமையானதல்ல. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இளவயதில் கொழும்புக்கு இறங்கியவர். புறக்கோட்டையில் நாட்டாமையாகச் சேர்ந்து, கைவண்டியில் சீனி மூடையும் பருப்பு மூடையும் அடுக்கி, நெரிசலில் "பாரு, பாரு!" என்று வழி கேட்டு ஓடிய கால்கள் அவருடையவை. அந்தக் கால்களில் ஒன்றின் மீதுதான் போன வருடம் வண்டிச் சில்லு ஏறியது. பெரிய காயமல்ல. ஆனால் அவர் சீனி வருத்தக்காரர், நீரிழிவு. காயம் ஆறாமல் பெருவிரலுக்குக் கீழே குழியாக நின்றுவிட்டது. அந்தக் குழியைப் பார்த்த டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இன்னொரு தடவை சீழ் பிடித்தால் விரலை எடுக்க வேண்டிவரும்.

"வெரலுதானே, போனா போவுது. நான் என்னா, பந்து வெளையாடவா போறேன்?" என்று சங்கிலி பகிடி விடுவார். இராமலெட்சுமியால் அந்தப் பகிடியைத் தாங்கவே முடியாது. தோட்டத்தில் இருக்கும் சங்கிலியின் அண்ணனுக்கும் விரலில்தான் தொடங்கியது. விரல் போய், பாதம் போய், முழங்காலில் வந்து நின்றது. பயம் என்றால் அப்படியொரு பயம். இவ்வளவு வாய்க்காரியான பெண்மணி அந்தக் கட்டைப் பிரிக்கும்போது மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார்.

காயத்துக்கு மருந்து கட்டுவதற்கு லேனுக்கு இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஓர் இலவசக் கிளினிக் இருக்கிறது. நல்ல கிளினிக், நல்ல நர்ஸ்மார். வாசலுக்கு நேர் முன்னால் பஸ் ஹோல்ட். கால் வருத்தக்காரர்களுக்கு இதைவிட வசதி கிடையாது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அந்த ஹோல்ட்டின் மீதுதான் அந்த வட்டாரத்துக் குப்பை முழுவதும் வந்து குவிந்தது. யார் முதலில் போட்டது, யார் எடுக்காமல் விட்டது என்பதெல்லாம் பெரிய வழக்கு. பைகள் பிய்ந்து, கறுப்புத் தண்ணீர் வாசல் வரைக்கும் ஓடியது. பஸ்காரர் நடுத்தெருவில் நிறுத்துவார். ஓட்டோவில் போனாலும் இறங்க வேண்டியது அதே இடத்தில்தான். அந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் கிளினிக்குக்குள் போக வழியே இல்லை. காயத்தைக் கட்டப் போகிற வழியிலேயே காயத்தைக் கெடுத்துக்கொண்டு போகிற கொடுமையை என்னவென்பது! நர்ஸ் கட்டைப் பிரித்துவிட்டு, "தெமன்ன எபா மாமே, தெமன்ன எபா!" என்று தலையில் அடித்துக்கொள்வார். நனைக்காதீங்க என்று சிங்களத்தில் அவர் கெஞ்சும்போது சங்கிலி வாசல் பக்கம் கையைக் காட்டுவார்.

இங்கேதான் ஸவாஹிர் வருகிறார். வட்டாரத்து எம்.பி. ஒருவருக்கு இணைப்புச் செயலாளர். மெலிந்த ஆள், காதில் எப்போதும் போன், மத்தியானத்தில் லெச்சுமியக்கா பார்சல். ஒரு நாள் பார்சலுக்கு வந்தவரை இராமலெட்சுமி வாசலில் மறித்தார்.

"தம்பி, ஒங்க எம்.பி. ஐயா பாராளுமன்றத்துல நம்ம ஹோல்ட்ட பத்தி ஒரு கேள்வி கேப்பாரா? இன்றேல், ஏன்?"

ஸவாஹிர் சிரித்துவிட்டார். சிரித்தவர் மாட்டிக்கொண்டார்.

முதல் கேள்வியின் வசனத்தை இராமலெட்சுமியே சொல்லிக் கொடுத்தார். பார்த்துப் பார்த்து வந்த தைரியம். 'மேற்படி கிளினிக்கின் முன்னால் பஸ் தரிப்பிடமொன்று உள்ளதா? இன்றேல், ஏன்?' போக்குவரத்துக்குப் பொறுப்பானவர் எழுந்து தாளைப் பார்த்து வாசித்தார். "(அ) ஆம். (ஆ) எழவில்லை." ஆம் என்றான பிறகு 'இன்றேல், ஏன்?' என்ற கேள்வியே எழாதாம். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பஸ் தரிப்பிடம் உள்ளதா என்று கேட்டால் உள்ளது என்றுதானே சொல்வார்? பலகை இருக்கிறது, கூரை இருக்கிறது, பதிவில் இருக்கிறது. அதன் மீது குப்பை மலை இருப்பதை யார் கேட்டார்கள்? அந்தப் பருப்புச் சட்டி மூடியில் நடுவிலே ஒரு பள்ளம் இருக்கிறதே, அது அன்றைக்கு விழுந்த பள்ளம்.

இரண்டு நாள் இராமலெட்சுமி யாரோடும் சரியாகப் பேசவில்லை. பார்சலில் உப்புக் கூடியது. மூன்றாம் நாள் ஸவாஹிரைக் கூப்பிட்டு, "தப்பு எம்மேலதான் தம்பி. ஹோல்ட்டு இருக்கான்னு கேட்டுட்டேன். குப்பையத்தான் கேட்டிருக்கணும்" என்றார். இந்த முறை கேள்வி குப்பைக்குப் பொறுப்பான அமைச்சருக்குப் போனது. ஹோல்ட்டில் குப்பை குவிந்திருப்பதை அவர் அறிவாரா, நோயாளர்கள் படும் பாட்டை அறிவாரா, இன்றேல், ஏன்?

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் கேள்வி அச்சான வாரமே ஒரு காலையில் லொறி வந்தது. மண்வெட்டியோடு ஆட்கள் குதித்தார்கள். குப்பை போனது, தண்ணீர் அடித்துக் கழுவினார்கள், சுண்ணாம்பு போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் முன் ஆசனத்திலிருந்து சப்பாத்து போட்ட ஒரு கனவான் இறங்கி, பளிச்சென்றிருந்த ஹோல்ட்டை நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பஸ் கிளினிக் வாசலோடு அணைந்து நின்றது. சங்கிலி காலில் ஒரு சொட்டு ஈரம் படாமல் உள்ளே போனார். இராமலெட்சுமிக்குத் தரையில் கால் பாவவில்லை.

கேள்வி நேரம் வந்தது. அமைச்சர் அவகாசம் கேட்டார். அகப்பை மூடியில் இறங்கியது. ஆனால் பாருங்கள், லொறி மறுபடியும் வந்தது. கனவான் மறுபடியும் இறங்கினார், போட்டோ எடுத்தார். அமைச்சர் எந்த நாளில் பதில் சொல்வார் என்று தெரியாது அல்லவா? சொல்கிற அன்றைக்கு ஹோல்ட் சுத்தமாக இருந்தாக வேண்டும். புதுப் போட்டோ கையில் இருந்தாக வேண்டும். அமைச்சர் இன்னொரு முறை அவகாசம் கேட்டார். லொறி இன்னும் ஒழுங்காக வரத் தொடங்கியது.

ஒரு நாள் இராமலெட்சுமி அந்தக் கனவானுக்கு வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் பிளேன்டீ கொண்டுபோய் ஊற்றிக் கொடுத்து, சிங்களத்தில் மெதுவாக வாயைக் கிளறினார். இனிமேல் எப்போதும் இப்படி வருவீர்களா? கனவான் தேநீரை ஊதிக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"ப்ரஷ்னே இவர வெனகங் எனவா, அக்கே."

கேள்வி முடியும் வரைக்கும் வருவோம். அதுதான் அதன் பொருள். இராமலெட்சுமி வெறுங் கோப்பையோடு திரும்பி நடந்து வரும்போதுதான் விஷயம் விளங்கியது. இவ்வளவு நாளும் எந்த அவகாசத்தைக் கேட்டு மூடியை உடைத்தாரோ, அந்த அவகாசம்தான் அவர் கணவரின் காலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது! கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் லொறி வரும். பதில் கிடைத்தால் லொறி நின்றுவிடும். லொறி நின்றால் கறுப்புத் தண்ணீர். இதையெல்லாம் சங்கிலியிடம் சொன்னபோது அவர் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

காயமோ அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து ஆறிக்கொண்டு வந்தது. கடைசியாகக் கட்டைப் பிரித்த நர்ஸ் இரண்டு விரலைக் காட்டினார். "தவ சதி தெகக், மாமே." இன்னும் இரண்டு வாரம் இதே மாதிரி நனையாமல் இருந்தால் தோல் மூடிவிடும். அந்த இரண்டு வாரம்தான் இராமலெட்சுமிக்கு வேண்டும். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அப்படியிருக்க, கேள்விக்கு முதல் நாள் மத்தியானம் ஸவாஹிர் பார்சலுக்கு வந்து, முகமெல்லாம் மலர நின்றார்.

"அக்கா, நாளைக்கு ஒங்கட கேள்வி. இந்த முறை மினிஸ்டர் ரெடியாம். பதில் கட்டாயம் வரும்."

"தம்பி, வேணாம்!"

"என்ன வேணாம்?"

"பதில் வேணாம். ஐயாவ நாளைக்கி போக வேணாமின்னு சொல்லுங்க. வயித்து வலின்னு சொல்லச் சொல்லுங்க."

ஸவாஹிர் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "அக்கா, என்ன கதைக்கிற நீங்க? எத்தன மாசமா இதுக்குப் பின்னால திரியிறோம். எங்கட ஆள் புது டை எல்லாம் எடுத்து வச்சீக்கிறாரு. டிவில வார விஷயம். நான் போய் நிப்பாட்டச் சொன்னா என்ன வேலையால நிப்பாட்டிடுவாரு."

இராமலெட்சுமி நடந்ததையெல்லாம் சொன்னார். லொறி, போட்டோ, கனவான், விரல். ஸவாஹிர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவருக்கும் முகம் சுருங்கிப்போயிற்று. "அல்லாஹ்வே" என்றார். "நிப்பாட்ட ஏலாது அக்கா. ஆனா நான் நாளைக்கு அங்க உள்ளுக்குத்தான் நிப்பேன். போன் ஓன்ல இருக்கும்."

ஆக, அந்த முதற் போடு விழுந்த காலைக்குத் திரும்புவோம். யாரோ ஓர் உறுப்பினரின் மருந்துக் கேள்விக்குத்தான் அந்த அடி.

"என்னக்கா இது?" என்றாள் பேர்ணடெற், சோறு சுற்றும் லன்ச் ஷீட்டுகளை விரித்துக்கொண்டே. "மத்தவங்கட கேள்விக்கு அவகாசம் கேட்டா மூடிய ஒடைக்கிறீங்க. ஒங்கட கேள்விக்கு மட்டும் அவகாசம் வேணுமோ?"

"அவங்களுக்கு மருந்து வேணும், அதனால பதில் வேணும். எனக்கு லொறி வேணும். நீ பேசாம கட்டு."

நியாயம்தான். அவள் மாதாவின் படம் இருக்கும் தன் வீட்டுப் பக்கமாகத் திரும்பி ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா இருக்கட்டும்" என்றாள்.

சபாநாயகர் அடுத்த கேள்வியை அழைத்தார். புது டை எழுந்தது. சிவப்பும் நீலமுமாக நல்ல டைதான். "எனது வினாவைக் கேட்கிறேன்" என்றது தங்கச்சியின் குரல். இராமலெட்சுமியின் கையில் தேங்காய்ப்பால் கிண்ணம். கறிக்குள் ஊற்ற மறந்து அப்படியே நின்றார். மூலையில் ஸ்டூல் மேல் காலை நீட்டியிருந்த சங்கிலி, "ஊத்து புள்ள, திரைஞ்சிரும்" என்றார். அது இராமலெட்சுமியின் காதில் விழவில்லை.

அமைச்சர் எழுந்தார். கையில் தடித்த கோப்பு. அதைப் பார்த்ததுமே இராமலெட்சுமி கைப்பேசிக்கு இன்னும் கிட்டப் போனார். அவகாசம் கேட்கிறவர்கள் வெறுங்கையோடு எழுவார்கள். அது அவருக்குத் தெரியும்.

"(அ) இல்லை. மேற்படி இடத்தில் குப்பை எதுவும் இல்லை. புகைப்படங்களைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன். (ஆ) எழவில்லை."

எத்தனை அழகான போட்டோக்கள்! கனவான் நாலா பக்கமும் நின்று எடுத்தவை. தேங்காய்ப்பால் கிண்ணம் தளும்பி அடுப்பு, சுவர், கைப்பேசி எல்லாவற்றிலும் தெறித்தது.

"போச்சு! போச்சுங்க! முடிச்சிட்டாரு!"

"எங்க போச்சு? மேலதிகக் கேள்வி மூணு இருக்குல்ல?" என்றார் சங்கிலி. மனைவியோடு இத்தனை மாதம் உட்கார்ந்து வெங்காயம் உரித்ததில் அவருக்கும் இது தெரிந்திருந்தது. பதிலுக்குப் பிறகு உறுப்பினர் மூன்று துணைக் கேள்விகள் கேட்கலாம்.

எம்.பி. முதலாவதைத் தொடங்கினார். தொடங்கினாரே தவிர முடிக்கவில்லை. தலைநகரின் அழகு, உல்லாசப் பயணிகள், கடல், காற்று, வரப்போகும் தலைமுறை. "கேள்வியைக் கேளுங்கள்" என்றார் சபாநாயகர். "குப்பை முகாமைத்துவத்துக்குத் திட்டம் உண்டா?" என்று கேட்டார் எம்.பி. உண்டா என்றால் உண்டு என்றுதானே சொல்வார்! அமைச்சர் கோப்பைப் புரட்டித் திட்டத்தை வாசிக்க ஆரம்பித்தார்.

"இவரும் என்னைப் போலத்தான் கேக்குறாரு!" என்று இராமலெட்சுமி தலையில் கை வைத்தார். தலையெல்லாம் தேங்காய்ப்பால். "பேர்ணடெற், ஒன் போன குடு! ஸவாஹிர் தம்பிக்கு வொய்ஸ் போடணும்!"

"ஒங்கட கையப் பாருங்க! நான் புடிக்கிறன், நீங்க கதைங்க!"

பேர்ணடெற் தன் கைப்பேசியை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். இராமலெட்சுமி மூச்சு விடாமல் கொட்டினார்.

"தம்பி, ஐயாகிட்ட சொல்லுங்க, மினிஸ்டரு கையில உள்ள பைல்ல இருக்கிறத கேக்க வேணாம். பைல்ல இல்லாதது எதையாச்சும் கேக்கச் சொல்லுங்க. அந்த லொறி எந்தெந்த கெழமைல வருதுன்னு கேக்கச் சொல்லுங்க. ட்ரைவரு பேரு என்னான்னு கேக்கச் சொல்லுங்க. எதையாச்சும் கேக்கச் சொல்லுங்க தம்பி, எங்க வீட்டுக்காரரு காலு தம்பி!"

பேர்ணடெற் அனுப்பிவிட்டு, கைப்பேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். சமையலறையில் பருப்பு அடிப்பிடிக்கும் மணம் எழுந்தது. லெச்சுமியக்கா வீட்டில் பருப்பு அடிப்பிடித்ததாகச் சரித்திரமே கிடையாது. யாரும் எழுந்து அடுப்பைக் குறைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. "நோயாளர்கள் படும் துயரம் அமைச்சருக்குத் தெரியுமா?" என்று எம்.பி. கையை உயர்த்தினார். தெரியும், மிக நன்றாகத் தெரியும், அதனால்தான் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்றார் அமைச்சர். அவருடைய ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். எம்.பி.க்கு வியர்த்தது. இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் எம்.பி. குனிந்தார். மேசையில் இருந்த தன் கைப்பேசியைப் பார்த்தார். பார்த்தவரின் புருவம் சுருங்கியது. மறுபடி பார்த்தார்.

"பாக்குறாரு! பாக்குறாரு!" பேர்ணடெற் குதித்தாள். சங்கிலி ஸ்டூலிலிருந்து காலை இறக்கப் போனார். "கால கீழ வைக்காதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"கௌரவ அமைச்சர் அவர்களே," என்றார் எம்.பி., தானே நம்பாத குரலில். தங்கச்சியின் மொழிபெயர்ப்பிலும் அந்தத் தயக்கம் அப்படியே வந்தது. "அந்த இடத்துக்குக் குப்பை லொறி... எந்தெந்தக் கிழமைகளில் வருகிறது? இந்த மாதத்தில் வந்த நாட்களைத் தர முடியுமா? அந்தப் புகைப்படங்கள் எந்த நாட்களில் எடுக்கப்பட்டவை?"

சபையில் யாரோ சிரித்தார்கள். யாரோ "லொறியின் நிறம்?" என்று கேட்டார்கள். அமைச்சரும் சிரித்துக்கொண்டேதான் கோப்பைத் திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். சிரிப்புக் குறைந்தது. அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அவர் மூன்றாமவரைப் பார்த்தார். தாள் எதுவும் வரவில்லை.

இராமலெட்சுமியின் வலது கையில் அகப்பை, தலைக்கு மேலே, எப்போது தூக்கினாரென்று அவருக்கே தெரியாமல் நின்றது.

"கௌரவ சபாநாயகர் அவர்களே," என்றது தங்கச்சியின் குரல், "அந்த விபரங்கள் இப்போது என்னிடம் இல்லை. அவற்றைச் சபைக்குச் சமர்ப்பிக்க..."

தங்கச்சி அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினார். என்ன பாவம் செய்தோமோ, அந்த இடத்திலா நிறுத்த வேண்டும்?

"...இரண்டு வாரகால அவகாசம் கோருகிறேன்."

பேர்ணடெற் வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டாள். சங்கிலியும் கண்ணை இறுக மூடினார். வெளியே நாய் தலையைத் தூக்கியது.

போடு விழவில்லை. இராமலெட்சுமி அகப்பையை மெதுவாக இறக்கி, சத்தம் வராமல் சட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். கண்ணிலிருந்து நீர் ஓடியது; அதை அவர் துடைக்கவில்லை. அடுப்பைக் குறைத்தார். கைப்பேசியின் அருகே குனிந்தார். திரையில் அமைச்சரின் கன்னத்தில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டுத் தெறித்துக் காய்ந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பில் அழுக்குப் படாத நுனியைத் தேடி எடுத்து, அந்த முகத்தை நோகாமல் துடைத்துவிட்டார்.